மாடில ஒரே ஒரு ரூம் தானேன்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

"ஒரே ஒரு ரூம் தாங்க, பத்துக்கு பன்னெண்டு, கூட ஒரு பாத்ரூம், இதுக்கு எதுக்குங்க பர்மிஷன் எல்லாம்?" வாரத்துக்கு ரெண்டு பேராவது இந்தக் கேள்வியோட வருவாங்க. நான் தண்டையார்பேட்டையில ஒரு இன்ஜினியர் ஆபீஸ்ல பிளான் வரையறவன், பதினாலு வருஷமாச்சு. வர்றவங்களுக்கு பையனுக்கு கல்யாணம், பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா, மேல வாடகைக்கு விட்டா கொஞ்சம் காசு வரும், காரணம் வேற வேறயா இருக்கும் ஆனா மாட்டிக்கிற இடம் பெரும்பாலும் ஒண்ணுதான். நாம புது ரூமுக்கு மட்டும்தான் பர்மிஷன் கேக்கறோம்னு நினைக்கிறோம். ஆனா பிளானை பார்க்கறவங்க அந்த ரூமை மட்டும் பார்க்க மாட்டாங்க, முழு வீட்டையும் பார்ப்பாங்க. அப்பா காலத்துல இழுத்து கட்டின பாத்ரூம், ரோடு பக்கம் நீட்டின பால்கனி, பத்திரத்துல இருக்கற தாத்தா பேரு, எல்லாம் அன்னிக்குதான் வெளிய வரும்.

போன வருஷம் திருவொற்றியூர்ல இருந்து ஒரு அக்கா வந்தாங்க. ஜவுளிக்கடை கவர்ல பேப்பர் எல்லாம் பத்திரமா வச்சிருந்தாங்க, எட்டா மடிச்ச புளூபிரின்ட், மடிப்புல எல்லாம் கிழிஞ்சு செலோடேப் ஒட்டி, அதுல பழைய திருவொற்றியூர் நகராட்சி சீல். 2011ல கார்ப்பரேஷனை பெருசாக்கினப்ப திருவொற்றியூர், மணலி, மாதவரம், கத்திவாக்கம் எல்லாம் சென்னைக்குள்ள வந்துச்சு இல்லையா, அதுக்கு முன்னாடி வாங்கின அப்ரூவல் இந்த நகராட்சி பேர்லதான் இருக்கும், சீல் மாறிடுச்சேன்னு நிறைய பேர் அதை தூக்கி போட்டுடறாங்க, தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க, பழைய வீடு முறையா கட்டினதுன்னு காட்ட உங்ககிட்ட இருக்கற ஒரே பேப்பர் அதுதான்.

அந்த புளூபிரின்ட்ல இருந்தது தரைத்தளம் மட்டும். நேர்ல போனா முதல் மாடியும் இருக்கு, அதுக்கு ஒரு பேப்பரும் இல்ல, பின்னாடி காலியா விடணும்னு வரைஞ்சிருந்த இடத்துல ஒரு பாத்ரூம் உக்காந்திருக்கு. அக்கா கேட்டது ரெண்டாவது மாடி, முழுசா, நானூறு சதுர அடிக்கு. நான் டேப்பை எடுத்தேன். பத்திரத்துல 20க்கு 30, அதாவது 600 சதுர அடி. பட்டாவுல 54 சதுர மீட்டர், போட்டுப் பார்த்தா 581 சதுர அடி. டேப்புல அகலம் பத்தொம்பதரை அடிதான், பக்கத்து வீட்டு காம்பவுண்ட் சுவர் எப்பவோ அரையடி உள்ள வந்திருக்கு. இந்த மூணு அளவுல எது கம்மியோ அதை வச்சுதான் கணக்கு போடுவாங்கன்னு சொன்னதும் அக்கா மூஞ்சி மாறிப்போச்சு.

கணக்கு எப்படின்னா, 2019ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி சாதாரண வீட்டுக்கு எஃப்எஸ்ஐ 2, அதாவது மனையளவுல ரெண்டு மடங்கு வரைக்கும் எல்லா மாடியும் சேர்த்து கட்டலாம், முன்னாடி இது 1.5 ஆ இருந்துச்சு. 581 இன்டு 2, 1162. கீழ 480, மேல 480, மொத்தம் 960 ஏற்கனவே தின்னாச்சு. மிச்சம் 202 சதுர அடி. அக்கா கேட்ட நானூறுக்கு வாய்ப்பே இல்ல, ஒரு ரூமும் பாத்ரூமும் வேணா கஷ்டப்பட்டு வரும். அதுவும் அந்த பேப்பர் இல்லாத முதல் மாடியையும் சேர்த்து மொத்த வீட்டுக்கும் புதுசா பிளான் போட்டு, பின்னாடி பாத்ரூமை இடிச்சாதான். மேஸ்திரி ஏற்கனவே கம்பிக்கு அட்வான்ஸ் வாங்கிட்டாராம்! இதான் எனக்கு எப்பவும் கோவம் வர்ற விஷயம், முதல்ல அளக்க ஆளைக் கூப்பிடாம கம்பிக்கு காசு குடுக்கறது.

செட்பேக், அதாவது கட்டடத்தைச் சுத்தி காலியா விட வேண்டிய இடம், அதைப் பத்தி ஒரு வார்த்தை. ரோட்டு அகலம், மனையோட அகலம், கட்டடத்தோட உயரம் இதையெல்லாம் வச்சு அது மாறும், அதனால "என் மச்சான் வீட்டுக்கு மூணு அடிதான் விட்டாங்க" ங்கறது உங்களுக்கு உதவாது. ஜார்ஜ் டவுன் மாதிரி வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியே நிக்கற பழைய பகுதிகளை கன்டினியூயஸ் பில்டிங் ஏரியான்னு தனியா வச்சிருக்காங்க, அங்க பக்கவாட்டுல விட வேண்டியதில்ல, ஆனா உங்க தெரு அந்த லிஸ்ட்ல இருக்கான்னு பார்க்கணும், பக்கத்து தெரு இருக்குங்கறதுக்காக உங்க தெருவும் இருக்கும்னு இல்ல.

அடுத்தது "ஷீட்டு போட்டா பர்மிஷன் வேணாம்". சுண்ணாம்பு அடிக்கறது, பூச்சு, டைல்ஸ் மாத்தறது இந்த மாதிரி ரிப்பேருக்கு வேணாம்தான். ஆனா நாலு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி கதவு ஜன்னல் வச்சு பாத்ரூமும் கட்டி, மேல மட்டும் தகர ஷீட்டு போட்டா அது ரூம்தாங்க, கூரை எதுல இருந்தா என்ன.

இன்னொண்ணு, "வீட்டு வரி கட்டறோமே". இதுல நானே சொல்றதுக்கு கூச்சப்படற கதை ஒண்ணு இருக்கு. 2009ல எங்க கொருக்குப்பேட்டை வீட்டுல எங்கப்பா மேல ஒரு ரூம் போட்டாரு, தெருவுல ஒருத்தர் எல்லாம் நான் முடிச்சு தரேன்னு காசு வாங்கினாரு, பத்து நாள்ல ஒரு பேப்பர் கொண்டாந்து குடுத்தாரு. அப்பா அதை லேமினேஷன் பண்ணி பீரோல வச்சாரு. ரொம்ப வருஷம் கழிச்சு வீட்டு மேல லோன் கேக்கப் போனப்ப பேங்க்ல அதை திருப்பித் திருப்பி பார்த்துட்டு சொன்னாங்க, சார் இது வீட்டு வரி பேர் மாத்தின ரசீதுன்னு. பிளான் வரையறவன் வீட்டுலயே இந்த கதை, அதுவரைக்கும் நான் ஒரு நாளும் அதை எடுத்து படிச்சதில்ல. வரி ரசீதுங்கறது கட்டடம் இருக்குன்னு வரி போட்ட கணக்கு மட்டும்தான், அனுமதி குடுத்ததா அர்த்தம் இல்ல. ரூம் கட்டி முடிச்சப்புறம் வரியை திருத்தி போடச் சொல்லி எழுதிக் குடுக்கணும், அது தனி வேலை. ஈபி கனெக்‌ஷன் இருந்தாலும் அப்படித்தான், அனுமதின்னு அர்த்தம் இல்ல.

"இப்ப கட்டிடு, அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" ன்னு சொல்ற ஆளு ஒவ்வொரு டீக்கடையிலயும் இருப்பாரு. அவரு சொல்ற ஸ்கீம் முதல்ல 1999 பிப்ரவரி 28க்குள்ள கட்டின கட்டடத்துக்கு வந்துச்சு, அப்புறம் 2007 ஜூலை 1க்குள்ள கட்டினதுக்கு வந்துச்சு. நீங்க இப்ப கட்டப்போற ரூமுக்கு அதுல இடம் எங்க இருக்கு? பர்மிஷன் இல்லாம கட்டினா வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ், இடிக்கச் சொல்லி நோட்டீஸ், பூட்டி சீல் வைக்கறதுன்னு 1971ம் வருஷ நகர் ஊரமைப்பு சட்டத்துலயே இருக்கு. யாரு பார்க்கப் போறாங்கன்னு கேப்பீங்க. பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பாருங்க. உங்க ஜன்னல் அவரு சமையக்கட்டைப் பார்த்து திறக்குதுன்னா முதல் பெட்டிஷன் அவரோடதுதான்.

இடம் யார் பேர்ல இருக்குங்கறது அடுத்த தலைவலி, நம்ம ஏரியாவுல இது ரொம்ப ஜாஸ்தி. தாத்தா தவறிட்டாரு, பத்திரம் அவர் பேர்ல, வாரிசு நாலு பேரு, அதுல ஒரு அத்தை கும்மிடிப்பூண்டில பேசாம இருக்காங்க, அவங்க கையெழுத்தும் வேணும். ஹவுசிங் போர்டு, குடிசை மாற்று வாரிய ஒதுக்கீடுன்னா அலாட்மென்ட் ஆர்டர் மட்டும் வச்சுக்கிட்டு பிளான் போட வர்றாங்க, கிரயப் பத்திரம் ஆகாம அது உங்க இடம் இல்ல. கோயில் அடிமனைன்னா கட்டடம் மட்டும்தான் உங்களுது, நிலம் கோயிலோடது. மாதவரம், மணலி பக்கம் அப்ரூவல் இல்லாத லேஅவுட்ல மனை வாங்கினவங்க முதல்ல மனையை வரன்முறை பண்ணியிருக்கணும், அந்த ஸ்கீம் 2017ல வந்துச்சு, 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி போட்ட மனைக்குன்னு. மனையே சரியில்லாம வீட்டுக்கு பிளான் கேட்டா கிடைக்காது.

அப்புறம் என்ஓசி, அதாவது எங்களுக்கு ஆட்சேபம் இல்லைன்னு வேற துறை குடுக்கற சான்று. கடல் பக்கம், அதாவது காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் குப்பங்கள் எல்லாம், உயர் அலைக் கோட்டுல இருந்து 500 மீட்டருக்குள்ள இருந்தா சிஆர்இசட், அதாவது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி வரும். கட்டவே கூடாதுன்னு இல்ல, ஏற்கனவே ஊரா இருக்கற பகுதியில ரோட்டுக்கு இந்தப்பக்கம், கடல் இல்லாத பக்கம்னா வழி இருக்கு, ஆனா எந்த ஜோன்னு மேப்புல பார்க்காம ஆரம்பிக்காதீங்க. அலை ஏறி இறங்கற எண்ணூர் கழிமுகம் மாதிரி ஓரத்துக்கும் இந்த விதி நீளும். ரயில்வே எல்லையில இருந்து 30 மீட்டருக்குள்ள இருந்தா ரயில்வே என்ஓசி, கொருக்குப்பேட்டை, பேசின் பிரிட்ஜ் பக்கம் இது பாதி தெருவுக்கு வரும். மொட்டமாடிக்கு மேல போற ஈபி ஒயரை மறந்துடறாங்க, சாதாரண லைனுக்கே நேர் மேல 2.5 மீட்டர், பக்கவாட்டுல 1.2 மீட்டர் இடைவெளி வேணும், இது பேப்பருக்காக இல்ல, சென்ட்ரிங் ஆளு கம்பியை தூக்கி நிமித்தறப்ப உயிருக்காக.

2024 ஜூலையில சுயசான்று முறை வந்ததுல இருந்து "இப்பதான் ஆன்லைன்ல உடனே குடுக்கறாங்களே" ன்னு ஒரு கோஷ்டி. உண்மைதான், ஆனா அது வந்தப்ப 2500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில, 3500 சதுர அடி வரைக்கும், தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்குன்னுதான் வந்துச்சு. ரெண்டாவது மாடிக்கு போறவங்க அது தங்களுக்கு பொருந்துமான்னு முதல்ல கேட்டுக்கணும், இல்லன்னா வழக்கமான வழிதான். இன்னொரு விஷயம், சுயசான்றுன்னா நான் சொல்றது எல்லாம் உண்மைன்னு நீங்க கையெழுத்து போடறது, தப்பா இருந்தா மாட்டறது நீங்கதான், வரைஞ்சு குடுத்தவன் சிம் மாத்திட்டு போயிடுவான். அதனால பதிவு பண்ணின இன்ஜினியர்கிட்ட மட்டும் போங்க, அவரோட பதிவு நம்பரை கேட்டு வாங்குங்க, அதை கேட்டா கோவிச்சுக்கறவர் நமக்கு வேணாம். சின்ன வீட்டுக்கு எழும்பூர்ல இருக்கற சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வரைக்கும் அலையவும் வேணாம், கார்ப்பரேஷனே முடிச்சுடும். (அந்த எழும்பூர் கட்டடத்துக்கு தாளமுத்து நடராசன் மாளிகைன்னு பேரு, 1939ல மொழிப் போர்ல உயிர் விட்ட அந்த ரெண்டு பேரையும் அடக்கம் பண்ணினது நம்ம மூலக்கொத்தளத்துல, வழியில போறப்ப பாருங்க.)

எல்லாத்தையும் விட எனக்கு பயம் பழைய வீடுதான். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டையில மெட்ராஸ் டெரஸ் போட்ட வீடு இன்னும் நிறைய இருக்கு, தேக்கு கட்டைங்களை வரிசையா போட்டு, அது மேல சின்ன செங்கல்லை குத்துக்கல்லா நிறுத்தி சுண்ணாம்புல கட்டின கூரை. கீழ நின்னு பார்த்தா அவ்ளோ அழகு, ஆனா அது மேல ஒரு ரூமோட பாரத்தை ஏத்தறதுக்காக போட்டது இல்ல. தூண் கிடையாது, சுவர்தான் எல்லாத்தையும் தாங்குது, கட்டை சுவருக்குள்ள போற முனையில செல்லு அரிச்சிருந்தா வெளிய தெரியவே தெரியாது. ஒரு தடவை நான் ஸ்க்ரூ டிரைவரால லேசா குத்திப் பார்த்தேன், பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு, வீட்டுக்காரர் அப்பவும் "நூறு வருஷம் நின்னுச்சு தம்பி" ங்கறாரு. பழைய கட்டடம் மேல மாடி ஏத்தணும்னா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்து கையெழுத்து போடணும், இதுல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க. கான்கிரீட் வீடா இருந்தாலும் அஸ்திவாரம் எத்தனை மாடிக்கு போட்டாங்கன்னு பாருங்க, வியாசர்பாடி களிமண்ணும் ராயபுரம் மணலும் ஒண்ணு இல்ல.

அந்த திருவொற்றியூர் அக்கா கதை என்னாச்சுன்னா, மேஸ்திரிகிட்ட அட்வான்ஸ்ல பாதி திரும்பி வந்துச்சு, பின்னாடி பாத்ரூமை இடிச்சாங்க, நூத்தி அறுபது சதுர அடிக்கு ஒரு ரூமும் பாத்ரூமும் போட்டு, மொத்த வீட்டுக்கும் பிளான் போட்டோம். ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்க, ஒரு தடவை மழைநீர் தொட்டியை வரைபடத்துல காட்டலன்னு, அது என் தப்பு. அப்ரூவல் போனுக்கு பிடிஎஃப்பா வந்த அன்னிக்கு அக்கா கடையில பிரின்ட் எடுத்துக்கிட்டு நேரா ஆபீஸுக்கு வந்து, "தம்பி, இதை லேமினேஷன் பண்ணிடட்டுமா?" ன்னாங்க. நான் முதல்ல அதை வாங்கி மேல என்ன எழுதியிருக்குன்னு ஒரு வரி விடாம படிச்சுட்டுதான் சரின்னேன்.