இல்லாத கோப்புக்கு முகப்புப் பக்கத்தை அனுப்பாதீர்கள்

என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வலைச் சேவையகத்தில், எந்தக் கோப்பை அனுப்புவது என்று சொல்லும் ‘ட்ரை ஃபைல்ஸ்’ (try_files) கட்டளையைப் பெரும்பாலோர் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள்: கேட்ட கோப்பு இருந்தால் கொடு, இல்லையென்றால் பின்னால் இயங்கும் வலைச் செயலியிடம் அனுப்பு. வேலை நடக்கும். ஆனால் நீக்கிய படத்தையோ பழைய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பையோ உலாவி கேட்டாலும் அந்தக் கோரிக்கை செயலிக்கே போய்ச் சேரும். ஒரே எச்டிஎம்எல் பக்கத்தை வைத்தே இயங்கும் ஒற்றைப் பக்கச் செயலிகளில் இது இன்னும் மோசம். கோப்புக்குப் பதிலாக முகப்புப் பக்கத்தின் எச்டிஎம்எல் வரும், அதுவும் 200 என்ற வெற்றிக் குறியீட்டுடன். உலாவி அதை ஜாவாஸ்கிரிப்ட் என்று நம்பிப் படித்தால் முதல் எழுத்திலேயே தடுமாறும். ‘எதிர்பாராத < குறி’ என்ற பிழைக்காக மணிக்கணக்கில் நிரலைத் துருவுபவர்களைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. பிழை நிரலில் இல்லை, வழித்தடத்தில் இருக்கிறது.

நிலையான கோப்புகள் அனைத்தையும் ‘/கோப்புகள்/’ போன்ற ஒரே முகவரி முன்னொட்டின் கீழ் வையுங்கள். அந்த முகவரிகளுக்கான விதிகளைச் சொல்லும் தனி லொக்கேஷன் (location) பகுதி எழுதி, ட்ரை ஃபைல்ஸின் கடைசி வாய்ப்பாக ‘=404’, அதாவது ‘கோப்பு இல்லை’ என்ற பதிலைக் கொடுங்கள். மற்ற முகவரிகள் மட்டும் செயலிக்குப் போகட்டும்.

லொக்கேஷன் முன்னொட்டுகளில் மிக நீளமாகப் பொருந்துவதே தேர்வாகும் என்றாலும், முகவரியின் எழுத்து வடிவத்தைப் பார்த்துப் பொருந்தும் ரெஜெக்ஸ் (regex) லொக்கேஷன் பகுதி ஏதேனும் இருந்தால் அது முந்திக்கொள்ளும். அதைத் தடுக்க முன்னொட்டுக்கு முன்னால் ‘^~’ சேருங்கள்.