காது கருவிக்கு உதிரி வாங்கும்போது

காது கேட்கும் கருவிக்கு பேட்டரி வாங்குவதுதான் இருப்பதிலேயே சுலபம். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு எண் உண்டு, அட்டையின் நிறத்தைப் பார்த்தால் போதும்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். கம்பெனி மாறினாலும் இந்த நிறம் மாறாது. கண் மதிப்பில் மட்டும் எடுக்காதீர்கள். 312-ம் 13-ம் மேலிருந்து பார்த்தால் ஒரே வட்டம், கனம்தான் வேறு. 13-ஐ 312-க்கான கதவுக்குள் அழுத்தி மூடப் பார்த்தால் கதவு உடையும்.

தலைவலி தருவது டோம்தான், அதாவது கருவியின் முனையில் மாட்டி காதுக்குள் போகும் மெத்தென்ற சிறு குமிழ். ‘எல்லாக் கருவிக்கும் பொருந்தும்’ என்று விற்பதை நான் வாங்கமாட்டேன். முனையில் இறுக்கமாக உட்காராத டோம், கருவியைக் கழற்றும்போது காதுக்குள்ளேயே தங்கிவிடலாம். அளவு சரியாக இருந்தாலும் வகை மாறக் கூடாது. மூடிய டோமுக்குப் பதில் துளையுள்ளதைப் போட்டால் கீழ்ச்சுருதி ஒலி வெளியே கசியும், கருவி கீச்சிடவும் செய்யும்.

கருவியிலிருந்து காதுக்குள் போகும் ரிசீவர் (குட்டி ஸ்பீக்கர்) ஒயரில் சிவப்பு வலது காது, நீலம் இடது காது. அதில் பொடியாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் நீளத்தையும், எழுத்து ரிசீவரின் ஒலி சக்தியையும் குறிக்கும். சக்தி மாறினால் கருவியை ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கும்.

காது மெழுகு கருவிக்குள் போகாமல் தடுக்கும் வடிகட்டியும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பழையதைத் தூக்கிப் போடாமல் கருவியின் மாடல் எண்ணோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாயால் விளக்குவதைவிட அதைக் காட்டுவது எளிது.