ஒரு கோழிக்கால், ஓர் ஆட்டு இதயம்: திசு, உறுப்பு, உறுப்பு மண்டலத்தை வீட்டிலேயே தொட்டுப் பார்த்துப் படிப்பது எப்படி?

செல், திசு (ஒரே வேலைக்காகச் சேர்ந்த செல்களின் கூட்டம்), உறுப்பு, உறுப்பு மண்டலம், உயிரி என்று அம்புக்குறி போட்ட வரிசை எல்லாப் பள்ளிப் புத்தகத்திலும் இருக்கும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதை மளமளவென்று ஒப்பித்தாள். சரி, ரத்தம் திசுவா உறுப்பா என்று கேட்டேன், முழித்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடைக்குப் போனோம். அன்று இருவரும் செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அசைவம் தொடாதவர்கள் ஒவ்வொரு படியிலும் 'உங்கள் உடம்பில்' என்று வரும் பகுதியையும், கடைசியில் வரும் தோப்புக்கரணத்தையும் மட்டும் செய்தாலே நிறையப் புரியும்.

முதல் படி: வாங்குவது

கோழிக்கடையில் வழக்கமாகத் தோலை உரித்துத் துண்டு போட்டுவிடுவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஒரு முழுக்கால் வேண்டும், தொடையிலிருந்து விரல் நகம் வரை, தோலோடு, வெட்டாமல். ஆட்டுக்கறிக் கடையில் ஓர் இதயம், அதையும் கீறாமல், மேலே இருக்கும் ரத்தக்குழாய்களை ஒட்ட வெட்டாமல். வீட்டில் ஒரு கத்தி, சிறிய கத்தரிக்கோல், இரண்டு பல்குத்தும் குச்சி, வெட்டும் பலகை, ஒரு பாட்டில் வெள்ளை வினிகர் இருந்தால் போதும்.

பச்சைக் கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவாதீர்கள். தெறிக்கும் தண்ணீரோடு சால்மொனெல்லா போன்ற கிருமிகளும் சமையல் மேடை முழுக்கப் பரவும். முடித்த பிறகு கை, கத்தி, பலகை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சின்னப் பிள்ளைகள் பார்க்கட்டும், கத்தி பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: தோலை உரித்துப் பாருங்கள்

அவசரப்படாமல் தோலை மெதுவாக இழுங்கள். தோலுக்கும் கறிக்கும் நடுவே சிலந்தி வலை போல ஒரு மெல்லிய சவ்வு பிரியும், அங்கங்கே மஞ்சள் கொழுப்பு ஒட்டியிருக்கும். தோலின் மேற்பரப்பு எபிதீலியத் திசு. செல்கள் இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கியிருப்பதால் கிருமி எளிதில் உள்ளே போகாது, உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே போகாது. அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. உங்கள் உடம்பில் மேல்தோல் லேசாகச் சிராய்த்தால் ரத்தம் வராமல் வெள்ளையாக மட்டும் உரிவது இதனால்தான். வாயின் உட்பக்கம், குடலின் உட்பூச்சு, நுரையீரலின் காற்றறைச் சுவர் எல்லாம் இதே வகை. எங்கெல்லாம் ஒரு பரப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் இது இருக்கும் என்று நினைவில் வைத்தால் பட்டியல் தேவையில்லை.

பிரிந்த சவ்வும் கொழுப்பும் இணைப்புத் திசு. என் மகளின் ரத்தக் கேள்விக்கும் விடை இதுதான். ரத்தமும் இணைப்புத் திசுதான், அதன் செல்கள் மட்டும் திரவத்தில் மிதக்கின்றன.

மூன்றாம் படி: கறியைப் பிரியுங்கள்

கத்தியை வைத்துவிட்டு விரலால் பிரியுங்கள். கறி ஒரே கட்டியாக இல்லாமல், மெல்லிய உறை போட்ட தனித்தனித் தசைகளாகக் கழன்று வரும். ஒரு தசையைக் குச்சியால் கிழித்தால் இழை இழையாகப் போகும். இது எலும்போடு சேர்ந்து இயங்கும், நாம் நினைத்தால் அசையும் தசை. உடம்பில் தசை மூன்று வகை. குடல், ரத்தக்குழாய் போன்றவற்றின் சுவரில் நம்மைக் கேட்காமல் வேலை செய்யும் மென்தசை ஒன்று, இதயத்தில் மட்டுமே இருக்கும் இதயத்தசை இன்னொன்று.

தொடைக்கறி கருஞ்சிவப்பாகவும் நெஞ்சுக்கறி வெளுப்பாகவும் இருப்பதைச் சாப்பிடும்போது கவனித்திருப்பீர்கள். கோழி நாள் முழுக்க நிற்கிறது, நடக்கிறது, பறப்பதோ அபூர்வம். ஓயாமல் உழைக்கும் கால் தசைக்கு ஆக்சிஜன் சேமிப்பு தேவை, அதைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தின் நிறம்தான் அந்தச் சிவப்பு.

நான்காம் படி: வெள்ளைக் கயிற்றை இழுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கால் தசைகள் கீழே போகப் போக மெலிந்து, பளபளப்பான வெள்ளை நாண்களாக மாறும். அதுதான் தசைநாண், தசையை எலும்போடு கட்டுவது. பாதத்துக்குச் சற்று மேலே தோலைக் கீறி, பின்பக்கம் ஓடும் நாணைப் பிடித்து இழுங்கள். கோழியின் விரல்கள் மடங்கும்! முன்பக்க நாணை இழுத்தால் விரியும். நாங்கள் இதைப் பத்து முறையாவது செய்திருப்போம். விரலை அசைக்கும் பெரிய தசை விரலில் இல்லை, மேலே எங்கோ இருக்கிறது, கயிறுதான் கீழே வருகிறது என்பது படத்தைப் பார்த்து எனக்கு ஒருநாளும் இப்படிப் பதிந்ததில்லை.

உங்கள் உடம்பில்: ஒரு கையால் மறு கையின் முழங்கைக்குக் கீழே உள்ள சதையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கி விரியுங்கள். பிடித்த இடம் துள்ளும். குதிகாலுக்கு மேலே கெட்டிக் கயிறு போல ஒன்று தட்டுப்படும், அது கெண்டைக்கால் தசையின் நாண்.

ஐந்தாம் படி: நரம்பைத் தேடுங்கள்

கொஞ்சம் பொறுமை வேண்டும். தொடையின் பின்பக்கத் தசைகளை விலக்கினால், ஆழத்தில் ரத்தக்குழாயை ஒட்டி ஒரு வெண்ணிற நூல் ஓடும். தசைநாண் போலக் கெட்டியாகப் பளபளக்காது, மிருதுவாக இருக்கும், கீழே போகும்போது கிளை பிரியும். நரம்புத் திசுவைக் கண்ணால் பார்க்க வீட்டில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நம் தொடையிலும் இதே நரம்பு இதே இடத்தில் ஓடுகிறது, உடம்பிலேயே தடிமனான நரம்பு அது. சயாட்டிகா வலி என்று பெரியவர்கள் சொல்வது இது அழுந்துவதால் அல்லது எரிச்சலுறுவதால் வருவது. உங்கள் உடம்பில் ஒரு நரம்பை உணர வேண்டுமென்றால், முழங்கையின் உட்பக்கம் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அங்கே தோலுக்குச் சற்றுக் கீழே நரம்பு ஓடுகிறது.

கடைசியாக மூட்டைப் பிரியுங்கள். எலும்பின் முனையில் நீலம் கலந்த வெள்ளையாக வழவழவென்று இருப்பது குருத்தெலும்பு. அதில் ரத்தக்குழாய் இல்லை, அதனால்தான் முழங்காலில் அது தேய்ந்தால் எளிதில் சரியாவதில்லை. உங்கள் காது மடலை மடக்கிப் பாருங்கள், அதுவும் குருத்தெலும்புதான். பெரிய எலும்பை உடைத்தால் உள்ளே சிவப்பு மஜ்ஜை. அந்த மாதிரி இடத்தில்தான் நம் உடம்பு நொடிக்குச் சுமார் 20 லட்சம் ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது.

உடைக்காத இன்னோர் எலும்பைக் கறி நீக்கி, மூழ்கும் அளவு வினிகர் ஊற்றிய பாட்டிலில் போட்டு வையுங்கள். அதற்கு அப்புறம் வருவோம்.

நாம் செய்த இந்த வேலைக்கு ஒரு முன்னோடி உண்டு. பாரிஸில் வாழ்ந்த ஸேவியர் பிஷா என்ற மருத்துவர் நுண்ணோக்கியை நம்பாமல், உடல்களை அறுத்து, வேகவைத்து, உலர்த்தி, அமிலத்தில் ஊறவைத்து, மனித உடல் 21 வகைத் திசுக்களால் ஆனது என்று சொன்னார். 1802-இல் முப்பது வயதில் இறந்துவிட்டார். பிரெஞ்சு மொழியில் அவர் பயன்படுத்திய சொல்லுக்கு நெய்த துணி என்று பொருள். இலங்கைப் பாடநூல்களில் திசுவை இழையம் என்பார்கள், அந்தச் சொல்லிலும் இழை இருக்கிறது. இன்று 21-ஐ எபிதீலியம், இணைப்பு, தசை, நரம்பு என்ற நான்கு பெரிய வகைக்குள் அடக்கிவிட்டோம் (தசைநாண், குருத்தெலும்பு, எலும்பு எல்லாம் இணைப்புத் திசுவில் சேரும்), நான்கையும் இப்போது பார்த்துவிட்டீர்கள்.

ஆறாம் படி: இதயத்தை அழுத்திப் பாருங்கள்

திசு என்பது துணி என்றால் உறுப்பு என்பது தைத்த சட்டை: வேறு வேறு திசுக்கள் சேர்ந்து ஒரு வேலைக்காக உருவானது. ஆட்டு இதயத்தைக் கையில் எடுங்கள். நம்முடையதைப் போலவே நான்கு அறைகள். வெளியே சாய்வாக ஓடும் கொழுப்புக் கோட்டின் அடியில் ரத்தக்குழாய் தெரியும். இதயச் சுவர் தனக்கு வேண்டிய ரத்தத்தை இதன் வழியாகத்தான் பெறுகிறது, இதில் அடைப்பு வந்தால் மாரடைப்பு.

இரண்டு பக்கமும் விரலால் அழுத்துங்கள். ஒரு பக்கம் தொளதொளவென்று அமுங்கும், அது வலது. மற்றது கெட்டியாக நிற்கும், அது இடது. நீளவாக்கில் வெட்டிச் சுவர்களை ஒப்பிட்டால் இடது வெண்ட்ரிக்கிள் (கீழ் அறை) எவ்வளவு தடிப்பு என்று தெரியும், மனிதரில் வலதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வலது பக்கம் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும், இடதுதான் தலையிலிருந்து கால் வரை தள்ள வேண்டும்.

உள்ளே பாருங்கள். உட்பரப்பு வழுவழுவென்று மின்னும், அது எபிதீலியம். சுவர் முழுக்கத் தசை. வால்வுகளைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் வெள்ளை நூல்கள் இணைப்புத் திசு. ஒன்றைக் குச்சியால் தூக்கிப் பாருங்கள், அறுக்கக் கஷ்டமாக இருக்கும். ரத்தம் அழுத்தும்போது வால்வு பின்பக்கமாகப் புரண்டுவிடாமல் தடுப்பவை இவை. லப்–டப் என்று கேட்பது வால்வுகள் மூடும் ஓசை. நரம்பும் இதயத்துக்கு வருகிறது, ஆனால் துடிப்பைத் தொடங்கி வைப்பது நரம்பு இல்லை. வலது மேல் அறைச் சுவரில் உள்ள தனித்தன்மை வாய்ந்த தசைச் செல்கள்தான் தொடங்குகின்றன. நரம்பு வேகத்தைக் கூட்டும், குறைக்கும். அறுவை செய்து மாற்றி வைத்த இதயம் நரம்புத் தொடர்பு இல்லாமலே துடிப்பது இதனால்தான்.

ஏழாம் படி: தோப்புக்கரணம்

மண்டலங்களுக்குக் கத்தி வேண்டாம். உட்கார்ந்து மணிக்கட்டில் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணுங்கள், மூச்சையும் எண்ணுங்கள். பிறகு முப்பது தோப்புக்கரணம். இதய நோயும் மூட்டு வலியும் உள்ளவர்கள் இதை விட்டுவிடுங்கள். உடனே மறுபடி எண்ணுங்கள். எனக்கு 74-இல் இருந்து 118 ஆனது.

இப்போது யார் யார் வேலை செய்தார்கள் என்று எழுதிப் பாருங்கள். தசை மண்டலம் சுருங்கி எலும்பு மண்டலத்தை இழுத்தது. நரம்பு மண்டலம் கட்டளை கொடுத்தது. ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்பட்டதால் சுவாச மண்டலம் வேகமெடுத்தது, அதைக் கொண்டுபோக ரத்த ஓட்ட மண்டலமும் வேகமெடுத்தது. அட்ரினலின் சுரந்தது நாளமில்லாச் சுரப்பி மண்டலம். வியர்த்தது தோல். அதே நேரத்தில் குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்தது, சாப்பிட்டவுடன் ஓடினால் வயிறு முரண்டு பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். புத்தகம் பதினொரு மண்டலங்களைத் தனித்தனி அட்டவணையாகப் போடும். அந்த அட்டவணையை இப்போது எடுத்துப் படியுங்கள், யாருக்கு யார் என்ன கொடுக்கிறார்கள் என்று கோடு போட்டு இணைத்துக்கொண்டே போங்கள்.

எட்டாம் படி: நான்கைந்து நாள் கழித்து

வினிகரை நடுவில் ஒருமுறை மாற்றுங்கள். நாலைந்து நாளில் எலும்பை எடுத்துக் கழுவி வளையுங்கள், ரப்பர் போல வளையும். இன்னும் விறைப்பாக இருந்தால் மேலும் இரண்டு நாள் விடுங்கள். கால்சியம் உப்புகளை அமிலம் கரைத்துவிட்டது, மீதி நிற்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம், தசைநாணிலும் வால்வு நூலிலும் இருந்த அதே பொருள். பார்த்து முடித்ததும் எலும்பை ஒரு காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.