பூனையின் முகத்தைப் படிப்பது எப்படி? காதில் தொடங்குங்கள்

"பூனைக்கு எப்பவும் ஒரே மூஞ்சிதான்" என்பவர்கள் பெரும்பாலும் அதன் வாயைத்தான் பார்க்கிறார்கள். பூனையின் முகத்தில் வாய் கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம்.

படி 1: பூனை நிம்மதியாகப் படுத்திருக்கும்போது நேராக ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். இனி எதையும் இதோடுதான் ஒப்பிட வேண்டும். பெர்சியன் பூனைக்குப் பிறவியிலேயே சோக மூஞ்சி. அதைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம்.

படி 2: காதைப் பாருங்கள். முன்னால் நிமிர்ந்திருந்தால் ஆர்வம். விமான இறக்கைபோல இரு பக்கமும் விரிந்தால் எரிச்சல் அல்லது பயம். தலையோடு ஒட்டிப் படிந்துவிட்டால் கையை எடுத்துவிடுங்கள், பிறாண்டல் நிச்சயம்.

கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று குறைபடுபவர்களும் காதைத்தான் கவனிக்க வேண்டும். ஜப்பானில் ஆய்வாளர் அட்சுகோ சைட்டோ குழுவினர் பூனைகளுக்கு நான்கு வார்த்தைகளை வரிசையாகக் கேட்கவைத்தார்கள். பூனைகளின் கவனம் மெல்லக் குறைந்தது. ஐந்தாவதாக அதன் பெயர் வந்ததும் பல பூனைகளின் காதும் தலையும் மறுபடி அசைந்தன. 2019-இல் வெளியான ஆய்வு இது. பெயர் தெரிகிறது, வருவதா வேண்டாமா என்பது அதன் இஷ்டம்.

படி 3: கண். முதலில் வெளிச்சத்தைக் கணக்கில் எடுங்கள். வெயிலில் கண்மணி கோடாகும், இருட்டில் விரியும். வெளிச்சம் மாறாமலேயே திடீரென்று விரிந்தால் பயமாக இருக்கலாம், விளையாட்டு வெறியாகவும் இருக்கலாம். எது என்பதைக் காது சொல்லிவிடும்.

உற்றுப் பார்க்காதீர்கள்; பூனைக்கு அது மிரட்டல். கண்ணைப் பாதி மூடி, பிறகு மெதுவாக முழுதும் மூடித் திறந்து பாருங்கள். அதுவும் பதிலுக்கு அப்படிச் செய்யக்கூடும். அறிமுகமில்லாதவர் இப்படிச் செய்தபின் நீட்டிய கையிடம் பூனைகள் கூடுதலாக நெருங்கி வந்ததை 2020-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

படி 4: மீசை, வாய். மீசை கன்னத்தோடு ஒட்டினால் பயம். சாப்பாடு எதுவும் இல்லாதபோது உதட்டை நக்கினால் சங்கடம். எதையோ மோந்துவிட்டு வாயைப் பிளந்து நிற்பது அருவருப்பில் அல்ல. மேல் அண்ணத்தில் உள்ள உறுப்பு வழியாக வாசனையை ஆராய்கிறது.

படி 5: எல்லாவற்றையும் சேர்த்துப் படியுங்கள். லாஸ் ஏஞ்சலஸில் பூனைகளோடு பழகவே ஆட்கள் வரும் பூனை கஃபே ஒன்றில் ஆய்வாளர்கள் 53 பூனைகளை வீடியோ எடுத்து, அவை தங்களுக்குள் காட்டிய 276 முகபாவங்களைப் பிரித்தெடுத்தார்கள் (2023). ஒவ்வொன்றும் சராசரியாக நான்கு அசைவுகளின் கலவை.

இத்தனை பாவம் இருப்பதாலேயே பூனை அறிவாளி என்று சொல்லிவிட நான் தயாரில்லை. பல அசைவுகள் பூனை நினைக்காமலேயே தாமாக நிகழ்பவை. எனக்குப் பெரிதாகப் படுவது, அது நம் முகத்தைப் படிப்பதுதான். இத்தாலியில் ஓர் ஆய்வில் ரிப்பன் கட்டிய மின்விசிறியைப் பூனைகள் முன் ஓடவிட்டபோது, 79 சதவீதப் பூனைகள் விசிறியையும் வளர்ப்பவரையும் மாறி மாறிப் பார்த்தன. தெரியாத பொருளைப் பற்றி நம்மிடம் கேட்கும் பார்வை அது.

படி 6: வலி. பூனை வலியை மறைக்கும். மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தினர் 2019-இல் உருவாக்கிய அளவுகோல் இதற்கு உதவும். காது விலகித் திரும்புதல், கண் இடுங்குதல், மூக்கும் வாயும் இறுகுதல், மீசை விறைத்தல், தலை தோளுக்குக் கீழே தொங்குதல் என்ற ஐந்துக்கும் 0 (இல்லை) முதல் 2 (தெளிவாகத் தெரிகிறது) வரை மதிப்பெண் போடுங்கள். பத்துக்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.