எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்புக்குள் ஆர்கான் நிரப்பி வெல்டிங் செய்வது

வெளியே பளபளவென்று இருக்கும் ஆர்கான் வெல்டிங்கை அறுத்துப் பார்த்தால், சில நேரம் உள்பக்கம் கருகிப் பொரிந்து கிடக்கும். பைப்புக்குள் இருந்த காற்று செய்த வேலை அது. சூட்டில் குரோமியம் ஆக்ஸிஜனோடு சேர்ந்துவிடுவதால் அந்த இடம் பிறகு துருப்பிடிக்கும்.

ஆர்கான் மந்த வாயு. வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரானும் நிறைந்திருப்பதால் ஆர்க் (வெல்டிங்கின் மின்பொறி) சூட்டிலும் உலோகத்தோடு சேராது. (2000-இல் ஹெல்சின்கியில் ஆர்கானை ஃபுளோரின், ஹைட்ரஜனோடு சேர்த்துக் காட்டினார்கள், மைனஸ் 246 டிகிரியைத் தாண்டியதும் அது சிதைந்துவிட்டது.) ஆனால் ஆர்கான் காற்றைத் தள்ளத்தான் செய்யும், சுத்தம் செய்யாது. உள்ளே மிச்சமிருக்கும் காற்று தன் வேலையைக் காட்டும்.

2 இஞ்ச், ஷெட்யூல் 10 (சுவர் தடிமனைக் குறிக்கும் எண்) பைப் ஒரு மீட்டருக்கு உள்ளே சுமார் 2.4 லிட்டர் இடம். இரு முனைகளையும் மூடி, ஜாயின்ட் இடைவெளியை டேப்பால் ஒட்டுங்கள். ஆர்கான் காற்றைவிட 1.4 மடங்கு கனம். அதனால் ஒரு முனையில் அடியில் கேஸை விட்டு, மறுமுனையில் மேலே பென்சில் நுழையும் அளவு ஓட்டை வையுங்கள். ஒரு மீட்டர் பைப்பில் நிமிடத்துக்கு 7 லிட்டர் வீதம் இரண்டு நிமிடம் விட்டால் உள்ளிருப்பது ஆறு முறை மாறிவிடும். அவசரப்பட்டு 20 லிட்டர் திறந்தால் சுழல் எழும்பி, காற்றும் கேஸும் கலந்துவிடும்.

டேப்பை வெல்டிங் போகப்போக உரியுங்கள். கடைசி ஒரு இஞ்சில் கேஸை 3 லிட்டருக்குக் குறையுங்கள். இல்லையென்றால் உள்ளழுத்தம் உருகிய ரூட்டை (வெல்டிங்கின் முதல் லேயரை) வெளியே ஊதித் தள்ளும். ஓட்டை அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். இரண்டாவது லேயர் முடியும்வரை உள் கேஸை நிறுத்தாதீர்கள்.

டார்ச்சுக்கு 8 முதல் 10 லிட்டர் போதும். ஆர்க்கை அணைத்த பிறகும் பத்து ஆம்பியருக்கு ஒரு நொடி கேஸ் ஓடட்டும். டார்ச்சில் உள்ள டங்ஸ்டன் கம்பி நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் ஹோஸ் லீக், பக்கத்து ஃபேன் இரண்டையும் பாருங்கள். அடுத்த சந்தேகம் சிலிண்டர்: மிக் வெல்டிங்குக்கான (கம்பி தானாக ஓடிவரும் வெல்டிங்) கார்பன் டை ஆக்சைடு கலவையை மாட்டினால் டங்ஸ்டன் சீக்கிரமே அரித்துப்போகும்.

உள்ளே வெள்ளி நிறமோ இளம் வைக்கோல் நிறமோ சரி. நீலம் தெரிந்தால் காற்று மிஞ்சியிருக்கிறது. கறுத்துப் பொரிந்திருந்தால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

குழிக்குள்ளோ டேங்குக்குள்ளோ தனியாக இறங்காதீர்கள். ஆர்கான் அடியில் தங்கும், வாசனை கிடையாது. முதலில் ஆக்ஸிஜன் மீட்டரை இறக்கிப் பாருங்கள், 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் ஆள் இறங்கக் கூடாது.