"பார்ப்பம்" என்று முடியாத கூட்டம்: முதல் தடவை நடத்தப் போகிறவர்களுக்கு

கந்தோரில் ஒரு கூட்டத்தை நடத்தும் பொறுப்பு முதல் தடவையாக உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளனாகச் சேர்ந்து, பிறகு கூட்டங்களை ஒழுங்குசெய்யும் வேலைக்கு வந்தவன் நான். நல்ல கூட்டம் எப்படி இருக்கும் என்பதை எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் நான் படிக்கவில்லை. சின்ன வயதில் அப்பாவோடு போன விவசாய ஆரம்பக் கூட்டத்தில்தான் கண்டேன்.

சிறுபோகம் தொடங்க முதல், குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர்கள், வயலுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்க்கிற வட்டவிதானைமார், நீர்ப்பாசன உத்தியோகத்தர், கமநல உத்தியோகத்தர் எல்லாரும் கூடுவார்கள். சத்தம் இருக்கும், வாக்குவாதம் இருக்கும், சில நேரம் கோபித்துக்கொண்டு எழும்புகிறவர்களும் இருப்பார்கள். ஆனாலும் கலைந்து போகும்போது எல்லார் வாயிலும் திகதிதான். வாய்க்காலில் தண்ணீர் விடும் நாள், விதைப்பின் கடைசி நாள், மாடுகளை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்தும் நாள், எத்தனை ஏக்கர், எத்தனை மாதத்தில் விளையும் நெல். அப்பா வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் வட்டம் போடுவார். குளத்துத் தண்ணீர் அளவானது. அதனால் "பார்ப்பம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போக அங்கே யாராலும் முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அப்படி எழும்பிப் போக முடிந்தது. பெண்களுக்கான ஒரு பயிற்சி பற்றி இரண்டு மணித்தியாலம் பேசினோம். மண்டபம் என்று வந்தபோது ஒருவர் "பார்ப்பம்" என்றார், இன்னொருவர் "கதைச்சுச் சொல்றன்" என்றார். இரண்டு பேரும் மற்றவர் செய்வார் என்று இருந்துவிட்டார்கள். பயிற்சி நாளன்று முதல் பஸ் பிடித்து, கைக்குழந்தையோடு வந்த தாய்மார் பூட்டிய மண்டபத்து வாசலில் நின்றார்கள். அவர்களுடைய அன்றைய கூலியும் போனது. அந்த வாசலில் நின்றபோதுதான் கூட்டம் என்பதை நான் முதல் தடவையாகப் பாரதூரமாக எடுத்தேன்.

1. கூட்டம் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்

பன்னிரண்டு பேரை ஒன்றரை மணித்தியாலம் இருத்தினால் 18 மணித்தியாலம். ஒருவருடைய இரண்டு நாள் வேலைக்கு மேலே. வெறும் அறிவித்தல் என்றால் வட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும். நாலு பேர் நாலு விதமாக நினைக்கிற ஒரு விடயத்தை முடிவாக்க வேண்டும் என்றால் கூட்டுங்கள்.

2. நிகழ்ச்சி நிரலைக் கேள்வியாக எழுதுங்கள்

இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. வழக்கமாக நாங்கள் எப்படி எழுதுவோம்? "வாகரைப் பயிற்சி." அதைப் பார்த்து ஆள் எதைத் தயார்பண்ணி வரும்? இப்படி எழுதிப் பாருங்கள்: "வாகரைப் பயிற்சியை டிசம்பரில் வைப்பதா, மழை விட்ட பிறகு பெப்ரவரியில் வைப்பதா?" கணக்காளர் வரும்போதே வருட முடிவுக்குள் காசு செலவழிக்க வேண்டுமா என்று பார்த்து வருவார். களப்பணியாளர் மாரியில் எந்த வீதியில் வெள்ளம் நிற்கும் என்று கேட்டு வருவார். கேள்வி சரியாக இருந்தால் பதில் கூட்டத்துக்கு முதலே தேடப்படும்.

ஒரு மணித்தியாலத்துக்கு மூன்று கேள்வி போதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை நிமிடம் என்று போடுங்கள். கடினமானதை முதலில் வையுங்கள். களைத்த பிறகு எடுக்கிற முடிவு நிலைக்காது. இரண்டு நாளைக்கு முதல் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.

3. நாள், நேரம், ஆட்கள்

வெள்ளிக்கிழமை வைத்தால் ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் பதினொன்றரைக்குள் எழும்பக்கூடிய மாதிரி வையுங்கள். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை ஆட்கள் இல்லாத குழு எங்கள் பக்கம் குறைவு; அவர்கள் பாதியில் எழும்பிப் போய், முடிவு அவர்கள் இல்லாமல் எடுக்கப்படுவது நியாயமில்லை. மாதக் கூட்டம் என்றால் போயா நாளில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், விழுகிறதா என்று பாருங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் திரும்ப வேண்டியவர்கள் இருந்தால் பின்னேரக் கூட்டத்தைத் தவிருங்கள். கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டு இருக்கிறவருடைய மனம் கூட்டத்தில் இராது.

நிரலில் உள்ள கேள்விகளால் வேலை கூடுகிறவர்களையும், முடிவெடுக்க அதிகாரம் உள்ளவரையும் மட்டும் கூப்பிடுங்கள். மற்றவர்களுக்கு முடிவை அனுப்பலாம்.

4. கூட்டத்துக்குள்

கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு யாப்பு இருக்கிறது. கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆட்தொகை, பார்க்க வேண்டும், பிரேரித்தவர், ஆமோதித்தவர் பெயர் எழுத வேண்டும், சென்ற கூட்ட அறிக்கை வாசித்து ஏற்க வேண்டும். அது அங்கே அவசியம். வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை என்று அதே ஒழுங்கைக் கந்தோர்க் கூட்டத்துக்கும் கொண்டுவந்தால் அரை மணித்தியாலம் போய்விடும். சொன்ன நேரத்துக்குத் தொடங்கி, நேரே முதல் கேள்விக்குப் போங்கள்.

யார் முதலில் பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள். எங்கள் கந்தோர்களில் "சேர்" தன் கருத்தைச் சொல்லிவிட்டால் பிறகு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அது மரியாதைதான், ஆனால் களத்தில் நடப்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும். நான் கூட்டத்துக்கு முதல் நாள் மேலதிகாரியிடம் போய், "சேர், நாளைக்கு நீங்க கடைசியாச் சொல்லுங்கோ, பிள்ளைகள் முதல்ல பேசட்டும்" என்று கேட்டுக்கொள்வேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை. பிறகு சேவையில் இளையவரிடமிருந்து தொடங்கி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்பேன். கூச்சப்படுகிற ஆள் என்றால், "தங்கச்சி, நீங்க போன கிழமை அங்க போனனீங்கதானே, ரோட்டு எப்பிடி?" என்று தெரிந்ததைக் கேளுங்கள். கருத்து என்ன என்று கேட்டால் தயங்குகிறவர்கள், கண்டதைக் கேட்டால் சொல்வார்கள்.

பேச்சு வேறு பக்கம் இழுபட்டால் வெட்ட வேண்டாம். பலகையின் ஓரத்தில் அந்த விடயத்தை எழுதி, "இதை அடுத்த முறை எடுப்பம்" என்று சொல்லுங்கள். எழுதியதைக் கண்டால் சொன்னவர் அமைதியாவார்.

தேத்தண்ணியைக் கடைசியில் கொடுங்கள். நடுவில் தட்டு வந்தால் திரும்பச் சேர்க்கக் கால் மணித்தியாலம் வேண்டும்.

5. இரண்டு மொழி இருந்தால்

அம்பாறையில் இது அன்றாட விடயம். கல்முனையிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் போகிற எங்கள் ஆட்களும், சிங்களம் பேசும் உத்தியோகத்தர்களும் ஒரே மேசையில் இருப்பார்கள். 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆனால் சட்டத்தில் இருப்பது தானாக மேசைக்கு வராது. கூட்டத்தை நடத்துகிறவர் இடம் கொடுக்க வேண்டும். மொழிபெயர்த்தால் நேரம் இரண்டு மடங்காகும், அதனால் கேள்விகளைப் பாதியாகக் குறையுங்கள். மொழிபெயர்ப்பவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். முடிவை இரண்டு மொழியிலும் பலகையில் எழுதி, வாசித்த பிறகே அடுத்ததுக்குப் போங்கள். தலையாட்டியதை மட்டும் வைத்து விளங்கிவிட்டது என்று எடுக்க வேண்டாம்.

6. மூன்று கோடு

சீ.ஆர். கொப்பியில் (தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி) ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: என்ன, யார், எப்போது. யார் என்ற இடத்தில் ஒரு பெயர்தான் வர வேண்டும். "நாங்கள்" என்றோ "களக்குழு" என்றோ எழுதினால் ஒருவரும் செய்ய மாட்டார்கள். "சீக்கிரம்" என்பதும் திகதியல்ல. என்னுடைய கொப்பியில் ஒரு வரி இப்படி இருக்கும்: மண்டபத்துக்கு முற்பணம் கட்டிப் பற்றுச்சீட்டு எடுத்தல், கணக்கு உதவியாளர், 14ஆம் திகதி மதியத்துக்கு முதல். பற்றுச்சீட்டு என்று ஏன் எழுதினேன் என்றால், முடிந்ததற்குக் கையில் ஒரு அடையாளம் வேண்டும்.

கடைசி ஐந்து நிமிடம் அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். பெயருக்குரியவர் "ஓம்" என்று சொல்ல வேண்டும். முடியாது என்றால் அந்த இடத்திலேயே சொல்லட்டும். ஆளை மாற்றலாம், திகதியைத் தள்ளலாம்.

7. கூட்டம் முடிந்த பிறகு

அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அன்றே குழுவில் போடுங்கள். நீண்ட அறிக்கை பிறகு வரட்டும். திகதிக்கு இரண்டு நாள் முதல் உரியவருக்குத் தனியாக ஒரு அழைப்பு எடுங்கள், எல்லாருக்கும் முன்னால் கேட்க வேண்டாம். அடுத்த கூட்டத்தை இதே பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: முடிந்ததற்குக் கோடு, முடியாததற்குப் புதிய திகதி. மூன்றாவது தடவையும் ஒரு வரி தள்ளிப்போகிறதென்றால், அதை அடுத்த கூட்டத்தின் முதல் கேள்வியாக எழுதிக்கொள்ளுங்கள்.