காணி வாங்கி விற்க இறங்கும் பொடியள் விடுகிற தவறுகள்

தொழிலை விட்டாயிற்று என்று சொன்னாலும், காணி உறுதிக் (பத்திரக்) கட்டோடு படலையைத் திறந்துகொண்டு வருகிற பொடியள் குறையவில்லை. சரி, வரட்டும். எங்கள் தலைமுறை விழுந்த அதே குழிகளில் இவர்களும் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. உறுதியை வாசிக்காமல் காசு கொடுக்காதே, தரகரின் வாயை நம்பாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விடுகிறேன்.

வேலியைப் பார்த்துப் பங்கு வாங்குவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் 6 பரப்பு (பரப்பு எங்கள் காணி அளவு) வளவு, உரித்து இரண்டு பேருக்கு. தமக்கை இங்கே, தம்பி கனடாவில். நடுவில் கிடுகு வேலி. தமக்கையின் பக்கம் 3 பரப்பு விலைக்கு என்று தரகர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நமது பொடியனும் காலால் எட்டி அளந்து பார்த்துவிட்டு வந்து விலை பேசினான். உறுதியில் இருந்ததோ "பிரிபடாத அரைப்பங்கு". அதாவது வேலிக்கு இந்தப் பக்கத்து 3 பரப்பு அல்ல, 6 பரப்பில் ஒவ்வொரு சாணிலும் பாதி. "வேலி இருக்குத்தானே ஐயா, எத்தினையோ வருசமாய் அப்பிடித்தான் ஆண்டு வருகினம்" என்று எனக்கே விளக்கம் சொன்னான்.

வாங்கினான், அத்திவாரமும் போட்டான். தம்பியார் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த இடத்தில் வளவைப் பார்க்கப் போய், கல் அடுக்கிக் கிடப்பதைக் கண்டுவிட்டு நேரே சட்டத்தரணியிடம் போனார். தேசவழமையில், அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்தில், பிரிபடாத பங்கை வெளியாளுக்கு விற்பதென்றால், கூட்டுப் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. யாரும் கொடுக்கவில்லை. போதாததற்குப் பிரிவினை வழக்கும் வந்தது. அந்த வழக்குக் காணிப் பதிவகத்தில் பதிவானால், முடியும்வரை பங்கை விற்கவும் முடியாது. கடைசியில் எல்லை எங்கே விழும் என்பதை நீதிமன்றம் அனுப்பும் நில அளவையாளரின் வரைபடத்தை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள், கிடுகு வேலியைக் கேட்டு அல்ல.

இத்தனைக்கும் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். அச்சவாரம் (முற்பணம்) கொடுக்க முதல் கனடாவுக்கு ஒரு கோல் எடுத்து, காணியை அளந்து, இரண்டு பங்காளிகளும் கையெழுத்திட்ட பிரிவினை உறுதி முடிந்த பிறகு அந்தத் துண்டை வாங்கியிருக்கலாம். "அது இரண்டு மாதம் இழுபடும் ஐயா" என்றவன் இப்போது தவணைத் தவணையாகக் கோட்டுக்கு அலைகிறான். விற்றுக் காசு எடுத்த தமக்கை நிம்மதியாக இருக்கிறார், அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

விற்பவர் மணமான பெண் என்றால்

தேசவழமைக்கு உட்பட்டவர் என்றால் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். காணி அந்தப் பெண்ணின் சீதனமாக இருந்தாலும்தான்.

அற்றோணித் தத்துவம்

சொந்தக்காரர் தனக்காக விற்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் கடதாசி இது. கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். அவர் கண்ணை மூடிய அன்றே அந்தக் கடதாசியும் செத்துவிடும், லண்டனில் நடந்த செத்தவீடு தரகருக்குத் தெரியாமல் இருக்காது. வீடியோ கோலில் ஆளின் முகத்தைப் பாருங்கள், தப்பில்லை.

பரப்புக் கணக்கு

வளவில் 1 பரப்பு 10 பேர்ச். வயலுக்குக் கணக்கு வேறு. உறுதியில் பரப்பு நெல் கணக்கா (வயலுக்கு), வரகுக் கணக்கா (வளவுக்கு) என்று பாருங்கள்.

கிணறு

மார்கழியில் எல்லாக் கிணறும் நல்ல தண்ணீர்தான். ஆவணியில் போய் வாயில் விட்டுப் பாருங்கள். அப்புறம், உறுதியின் கடைசிப் பக்கத்தில் கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் என்று ஒரு வரி இருக்கும், அதைப் பொடியள் வாசிப்பதே இல்லை. பக்கத்து வளவுக்காரருக்கு உங்கள் கிணற்றில் பங்கு இருந்தால், மதிலைக் கட்டிக் கேற்றைப் பூட்டிவிட்டு இருக்க முடியாது, அவர் வாளியோடு உரிமையாக வருவார். அந்த வரியைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள். விற்கிறவர் அதை எதிர்பார்த்துத்தான் விலையை ஏற்றிச் சொல்லியிருப்பார்.